நாலு மடிப்பு

மலைச்சரிவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேலே, மனிதர்கள் எப்போதோ கட்டிக் கைவிட்டுப் போன ஒரு பங்களா. கூரை போய்விட்டது, சுவர்கள் போய்விட்டன, செங்கல் அடுப்பு மட்டும் அப்படியே நின்றது. குகை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கும் பெரிய பேக்கரி அடுப்பு. அதில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தவள் கெண்டைச்சி என்கிற நீர்நாய்.

நீர்நாய்க்கு எதற்கு நெருப்பு வேலை என்று நீங்கள் கேட்கலாம். காடும் அதைத்தான் கேட்டது. விஷயம் என்னவென்றால், கெண்டைச்சிக்கு மீன் பிடிக்க வராது. அவள் இடது பக்கம் பாய்ந்தால் மீன் வலது பக்கம் போகும். "பேரு மட்டும் கெண்டைச்சி, கையில ஒரு கெண்டையக் காணோம்" என்று மற்ற நீர்நாய்கள் சிரித்தன. ஒருநாள் அழுதுகொண்டே வந்து இந்த அடுப்புக்குள் ஒளிந்தவள், ஒளிந்த இடத்தை என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். மூன்று மழைக்காலம் எல்லாவற்றையும் கருக்கினாள். நான்காவது மழைக்காலத்தில் பிஸ்கட் வந்தது.

சும்மா வரவில்லை. மேலே பொன்னிறம், உள்ளே அடுக்கடுக்காக மெல்லிய ஏடுகள். விரலால் தொட்டால் உதிரும், வாயில் போட்டால் கரையும். சூடாக இருக்கும்போதே தேனும் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அடித்த இனிப்பு வெண்ணெயை அதன் தலையில் வைப்பாள். அது உருகி அடுக்குகளுக்குள் இறங்கும். இதைச் சாப்பிட மரங்கொத்தி மரத்தைவிட்டு இறங்கி வந்தது. மீன்கொத்தி மீனைக் கொடுத்து பிஸ்கட் வாங்கிப்போனது. கெண்டைச்சி இப்போது தினமும் மீன் சாப்பிட்டாள்.

வெண்ணெய் கொடுப்பவள் கரியாத்தா என்கிற எருமை. காட்டுக்கு நாட்டாமையும் அவள்தான். தேன் கொடுப்பவன் தேனப்பன் என்கிற கரடி. மைதா மாவை மலையடிவார மில்லிலிருந்து குரங்குகள் கொண்டுவந்து கொடுத்தன. எப்படிக் கொண்டுவந்தன என்று கேட்காதீர்கள்.

கெண்டைச்சியிடம் ஒரே ஒரு பழக்கம் காட்டுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் காட்டில் யார் எதைச் சமைத்தாலும், "எப்படி வந்திருக்கு?" என்று கேட்டால், "ஏதோ சுமாரா வந்திருக்குங்க" என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் மரியாதை. தேனப்பன் அமிர்தமான தேனைக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கோங்க" என்பான். கெண்டைச்சியோ, "நல்லா வந்திருக்கு. நான் செஞ்சது" என்பாள்.

"தலைக்கனம் பாரு" என்றன கிளிகள். எனக்கு அதில் தலைக்கனம் எதுவும் தெரியவில்லை. நல்லதை நல்லது என்று சொன்னாள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தவன் செவியன் என்கிற முயல். காட்டிலேயே நீளமான காது அவனுக்கு. "என் காதுல விழாத ரகசியம் இந்த மலையிலயே கிடையாது" என்பது அவன் பெருமை. ஆந்தையின் வைத்தியம் அவனுக்குத் தெரியும், தூக்கணாங்குருவி கூடு கட்டும் விதம் தெரியும், தேனப்பன் எந்தப் பாறையில் தேன் எடுக்கிறான் என்பதும் தெரியும். ஒன்றையும் செய்ததில்லை. ஆனாலும் எல்லாம் தெரியும்.

எல்லாம் தெரிந்த தன்னை யாரும் கொண்டாடவில்லை, மீன் பிடிக்கத் தெரியாத ஒருத்தியைக் கொண்டாடுகிறார்களே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்துப் பலாமரத்தடியில் கூடும் பஞ்சாயத்தில் எழுந்து நின்றான்.

"ஆத்தா, அடுப்பு காட்டுக்குப் பொதுவா? கெண்டைச்சி அக்காவுக்குச் சொந்தமா?"

"பொதுதான்" என்றாள் கரியாத்தா, அசைபோட்டபடி.

"அப்ப, யார் நல்லா சுடறாங்களோ அவங்ககிட்டதானே இருக்கணும்? நான் அக்காவைவிட நல்லாச் சுடுவேன். போட்டி வெச்சுப் பாருங்க."

கூட்டம் கெண்டைச்சியைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"வெக்கட்டும் ஆத்தா. நான் தோத்துட்டா அப்புறம் அந்த அடுப்புப் பக்கமே வர மாட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு ஓடைக்கு நடந்தபோதுதான் சொன்னதன் கனம் அவளுக்குப் புரிந்தது. அடுப்பு போனால் அவளுக்கு என்ன இருக்கிறது? மறுபடியும் தண்ணீரில் குதிக்க வேண்டும், மறுபடியும் மீன் வலது பக்கம் போகும், மறுபடியும் எல்லோரும் சிரிப்பார்கள்.

போட்டி மூன்றாம் நாள் காலை என்று முடிவானது.

முதல் நாள் முழுக்கச் செவியன் ஓடைக்கரைத் தாழம்புதருக்குள் உட்கார்ந்து காதை நீட்டினான். கெண்டைச்சி மாவு பிசைவது ஓடைக்குள் கிடக்கும் தட்டைக் கல்லின்மேல்தான். கல் ஜில்லென்று இருக்கும். அவள் கையும் அப்படித்தான். அன்று கரியாத்தா வெண்ணெய் கொண்டுவந்தவள், கரையில் படுத்துக்கொண்டு பேச்சுக்கொடுத்தாள்.

"ஏன் அம்மிணி, இத்தனை அடுக்கு எப்படி வருது? உனக்குப் பயமா இருந்தா சொல்ல வேண்டாம்."

"சொல்றதுக்கு என்ன பயம் ஆத்தா? வெண்ணெய் வெச்சு நாலு மடிப்பு. அவ்வளவுதான்" என்று சொல்லி, மாவைத் தட்டி, ஒருமுறை மடித்து, மறுபடி தட்டி, மறுபடி மடித்தாள்.

ஓடை சளசளவென்று ஓடிக்கொண்டிருந்தது. தாழம்புதருக்குள்ளிருந்து பார்த்தால் மடல்கள் மறைத்தன, ஒன்றும் தெரியவில்லை. காதில் விழுந்தது இதுதான்: "வெண்ணெய் வெச்சு நாலு மடங்கு. அவ்வளவுதான்."

செவியன் துள்ளிக் குதித்தான். இவ்வளவுதானா! மாவு ஒரு படி என்றால் வெண்ணெய் நாலு படி. இதற்குத்தான் இத்தனை பீத்தலா?

எட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. காது இருக்கும்போது கண் எதற்கு?

போட்டி நாள் வந்தது. அடுப்பைச் சுற்றிக் காடே கூடியது. முதலில் செவியன்.

ஒரு படி மாவைக் கொட்டினான். அதன்மேல் நாலு படி வெண்ணெயைக் கவிழ்த்தான். கரியாத்தாவின் முகம் சுருங்கியது, நான்கு நாள் பால் அது. செவியன் கையை விட்டுப் பிசைந்தான். ஓடிவந்த முயலின் கை, கணகணவென்று சூடு. வெண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது, முழங்கையில் ஒழுகியது. மாவு கெட்டியாகவே இல்லை. அவன் கலங்கவும் இல்லை. கூழைக் கரண்டியால் அள்ளித் தகரத் தட்டில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளினான்.

"எப்படி வரும் தம்பி?" என்றான் தேனப்பன்.

"ஏதோ சுமாரா வரும்ணா" என்றான் செவியன், அடக்கமாகத் தலையைக் குனிந்து. கிளிகள் உருகிப்போயின. "பிள்ளைக்கு எவ்வளவு பணிவு பாரேன்" என்றன.

சற்று நேரத்தில் அடுப்புக்குள் சொய்ங் என்று ஒரு சத்தம். தட்டிலிருந்து வெண்ணெய் பொங்கி வழிந்து நெருப்பில் விழுந்தது. அடுப்பு வாயிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. பிறகு புகை. கிளிகள் பணிவைப் பாதியில் விட்டுவிட்டுப் பறந்தன. தேனப்பன் நீண்ட கம்பால் தட்டை வெளியே இழுத்துப்போட்டான். நெய்க்குளம், நடுவில் கறுப்பாக ஓர் ஓடு.

கரியாத்தா மோந்து பார்த்தாள். "இது பிஸ்கட்டா சாமி? ஒரு திரி போட்டா கார்த்திகைக்கு ஆகும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெண்டைச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே செங்கல்லெல்லாம் நெய் எரிந்துகொண்டிருந்தது. இந்தச் சூட்டில் எதை வைத்தாலும் இமைக்கிற நேரத்தில் கரியாகிவிடும். அவள் மாவோ மடித்து, வெட்டி, தட்டில் அடுக்கித் தயாராக இருந்தது. வெயில் ஏறினால் மாவுக்குள் இருக்கும் வெண்ணெய் இளகும். இளகினால் அடுக்கு போச்சு. இப்போது வைத்தாலும் கெட்டது, வைக்காவிட்டாலும் கெட்டது.

"அடுப்பு கெட்டுப்போச்சு. அக்காவுக்கும் வராது. ரெண்டு பேருக்கும் இல்லைன்னு தீர்ப்பு சொல்லிடுங்க" என்றான் செவியன்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் கெண்டைச்சி.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போனாள். ஆழமில்லாத இடத்தில், தட்டின் அடி மட்டும் நனைகிற மாதிரி கற்களுக்கு நடுவே பொருத்திவைத்தாள். மேலே ஒரு தேக்கிலையை மூடினாள். திரும்பி வந்து எரியும் தணலை வாரி வெளியே கொட்டினாள். ஈரச் சாக்கைக் கம்பில் சுற்றி அடுப்பின் தரையைத் துடைத்தாள். சாக்கு கறுத்தது. அலசி மறுபடி துடைத்தாள். அப்புறம் சூடு பார்க்க ஒரு சிட்டிகை மாவை எடுத்து உள்ளே தூவினாள். மாவு விழுந்தவுடன் கறுத்தது.

உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, தூங்கறாளா?" என்றது ஒரு குரங்கு.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மாவைத் தூவினாள். கறுத்தது. வெயில் பலாமர உச்சிக்கு வந்தது. கூட்டம் முணுமுணுத்தது. "சீக்கிரம் வைம்மா, பசிக்குது" என்றான் தேனப்பன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் பசிக்காகவும் நெருப்பு அவசரப்படாது என்பது மூன்று மழைக்காலம் கருக்கியவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது முறை தூவினாள். மாவு மெதுவாக, மெதுவாகப் பழுப்பானது. ஓடினாள், தட்டை எடுத்துவந்தாள், உள்ளே வைத்தாள், ஒரு பலகையால் அடுப்பின் வாயை அடைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு வாசனை வந்தது. முணுமுணுத்த கூட்டம் மூக்கை நீட்டியது. போன கிளிகள் திரும்பி வந்து கிளையில் வரிசையாக உட்கார்ந்தன.

பலகையை எடுத்தாள். தட்டில் பன்னிரண்டு பிஸ்கட், ஒவ்வொன்றும் வைத்த உயரத்துக்கு இரண்டு பங்கு எழும்பி, பக்கவாட்டில் ஏடு ஏடாகப் பிரிந்து நின்றது. தேன் வெண்ணெயை ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கரண்டி வைத்தாள். அது பளபளத்து உருகி அடுக்குகளுக்குள் இறங்கியது.

கரியாத்தா ஒன்றை வாயில் போட்டாள். எருமை அசைபோடாமல் விழுங்கியதை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது.

"எப்படி அம்மிணி வந்திருக்கு?" என்று கேட்டாள் கரியாத்தா.

இன்றைக்காவது அடக்கமாகச் சொல்லடி என்று கிளிகள் கண்ணைக் காட்டின.

கெண்டைச்சி நிமிர்ந்து நின்றாள். புகையில் முகம் கறுத்திருந்தது, மீசை ஒருபக்கம் கருகியிருந்தது. "ரொம்ப நல்லா வந்திருக்கு ஆத்தா. எரிஞ்ச அடுப்புல வந்திருக்கு. நான் செஞ்சது."

"ஆமா, நீ செஞ்சதுதான்" என்றாள் கரியாத்தா. "அடுப்பு உன்னுது. உனக்கு அப்புறமும் யாருக்குன்னு நீயே சொல்லு."

காடே கைதட்டியது. கேட்ட எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

செவியனால்தான் தாங்க முடியவில்லை. "இது அநியாயம்! நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சேன். வெண்ணெய் நாலு மடங்குன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க, நான் என் காதாலயே கேட்டேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கூட்டம் திரும்பி அவனைப் பார்த்தது. காதுகள் இரண்டும் தொங்கிப்போயின.

"மடங்கா?" என்றாள் கெண்டைச்சி. "மடிப்புன்னுதானே தம்பி சொன்னேன்? நாலு மடிப்பு!"

பலாமரத்துக் குரங்குகள் சிரித்த சிரிப்பில் ஒன்று கீழேயே விழுந்தது. கரியாத்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நாலு நாள் பாலுடா" என்று பெருமூச்சு விட்டாள்.

"ஒளிஞ்சு எதுக்குக் கேட்கணும்? நேர்ல வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள் கெண்டைச்சி.

செவியன் தரையைப் பார்த்தான். "இப்பச் சொல்லுங்க அக்கா. நாலு மடிப்பு. அப்புறம்?"

"இனிமே சொல்ல மாட்டேன். சொல்லித்தானே இந்தக் கதி. காலையில ஓடைக்கு வா. கையைத் தண்ணியில வெச்சுக் குளுராக்கிட்டு வா."

மறுநாள் செவியன் வந்தான். வரமாட்டான் என்று பந்தயம் கட்டிய குரங்குகள் தோற்றன. கெண்டைச்சி முதல் வேலையாக ஒரு கொடியைப் பிடுங்கி, அவனுடைய நீளமான இரண்டு காதுகளையும் சேர்த்துப் பிடரியில் இறுக்கிக் கட்டினாள். "மாவுல முடி விழக் கூடாது" என்றாள். அவனுக்கு ஓடைச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. தட்டைக் கல்லில் மாவு இருந்தது, எதிரே அவள் கை இருந்தது. அவள் மடித்தாள், அவன் பார்த்தான், அவனும் மடித்தான். அன்று அவன் சுட்டது கல். மறுநாளும் கல். ஐந்தாம் நாள் ஒரே ஒரு பிஸ்கட்டில், ஓர் ஓரத்தில், ஓர் ஏடு பிரிந்தது. செவியன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு காடெல்லாம் ஓடி, யாரையும் தின்னவிடாமல் எல்லோருக்கும் காட்டினான்.

காதில் விழுந்ததெல்லாம் கைக்கு வந்துவிடாது. கைக்கு வந்த வேலையைச் சொல்லிப் பெருமைப்படுவதில் குற்றமும் கிடையாது.