திரை நனைந்த நாள்

ஓர் ஊரில் ஒரு குளமும், அந்தக் குளத்தைத் தீட்டிய ஒரு திரையும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்சுவர் மட்டும்தான்.

திரையில் நீலத் தண்ணீர், அல்லி, மருதமரங்கள். சுவருக்கு அப்பால் பிளாஸ்டிக் பைகள், ஓட்டல் கழிவு, இடித்த வீடுகளின் கல். புதுமணத் தம்பதிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, திரையின் முன்னே சிரித்துவிட்டுப் போவார்கள்.

"உன்னிடம் ஒரு மீனாவது உண்டா?" என்று குளம் சீண்டும்.

"உன்னிடம் தண்ணீராவது உண்டா?" என்று திரை திருப்பிக் கேட்கும்.

ஒருநாள் குளம் சண்டைக்கு வரவில்லை. "மழைக்கு முன்னால் என்னை மண்போட்டு மூடிக் கடை கட்டப் போகிறார்களாம். இனி நீதான் குளம்."

திரை பெருமைப்படவில்லை. "உன்னைப் பார்த்துத்தான் என்னைத் தீட்டினார்கள். நீ போய்விட்டால் நான் யாருடைய படம்?"

அன்று மாலை படமெடுக்க வந்த புதுப்பெண் பொன்மலர் திரையைத் தொட்டுப் பார்த்தாள். "இது எந்த ஊரு அண்ணாச்சி? கொடைக்கானலா?"

"பின்னால கெடக்குல்லா, மண்ணைப் போட்டு மூடப் போறாங்கல்லா, அதே குளந்தான்," என்றார் ஸ்டுடியோக்காரர் ஞானதீபம். "எங்கப்பா கரையில உக்காந்து வரைஞ்சது."

"கதை விடாதீங்க."

"இந்தக் கூனல் மரத்தைப் பாரு. இப்ப வெளிய எட்டிப் பாரு."

பொன்மலர் பின்சன்னலைத் திறந்தாள். குப்பைக்கு நடுவே அதே மரம், அதே கூனல்.

"மூடு, நாத்தம் அடிக்கி," என்றான் கணவன்.

"அடிக்கட்டும் அத்தான். இதைப் போயா மூடப் போறாங்க? அண்ணாச்சி, போட்டோ அப்புறம் எடுத்துக்கிடலாம். இந்தத் திரையைக் குடுங்க, ஊருக்குக் காட்டணும்."

மறுநாள் திரை கடைத்தெருவில் தொங்கியது. அதன் கீழே நின்றவர்கள் தங்கள் குளத்தை அடையாளம் கண்டுகொண்டார்கள். மண் லாரிகள் வந்தபோது கரை முழுக்க ஆட்கள். லாரிகள் திரும்பிப் போயின. மண்வெட்டிகள் இறங்கின. திரையையும் கொண்டுவந்து கரையில் கட்டினார்கள்.

சேறு அள்ளக் கூடைகள் போதவில்லை. திரை தன் கயிற்றை நழுவவிட்டு அவர்கள் காலடியில் விழுந்தது. முனைகளைப் பிடித்து அதில் சேறு சுமந்தார்கள்.

"வேண்டாம், உன் அல்லியெல்லாம் அழிகிறதே," என்று குளம் பதறியது.

"அழியட்டும். உன்னிடம் வாங்கியதுதானே."

மழை வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குளம் கரை தொட்டு நின்றது.

விட்டுப்போன படத்தை எடுக்கப் பொன்மலரும் கணவனும் கூனல் மரத்தடியில் வந்து நின்றார்கள். பக்கத்தில் ஞானதீபத்தின் மனைவி திரையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள். ஒரு பொட்டு வண்ணம் மிச்சமில்லை.

குளத்துக்குப் பழைய குறும்பு திரும்பியிருந்தது. "உன்னிடம் ஒரு மீனாவது உண்டா?"

அலசிக்கொண்டிருந்தவள் திரையை மேலே தூக்கினாள். வெள்ளை மடிப்புக்குள் ஒரு கெண்டைக்குஞ்சு துள்ளியது.

"உண்டு," என்றது திரை.