எல்லைக்கல்லுக்கு அப்பால்

கேளுங்கள் பெரியோரே, கேளுங்கள் பிள்ளைகளே! இந்த ஆறுகளுக்கெல்லாம் இன்றைய பெயர்கள் வாய்க்காத காலம் அது. அந்தக் காலத்தில் கரும்பனூர் என்றோர் ஊர் இருந்தது. ஊரின் நடுவே ஒரு கால்வாய் ஓடியது. கால்வாயின் கரையில் சேந்தன் என்பவன் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டிப் பிழைத்தான்.

சேந்தனுக்கு மனைவி இல்லை. ஒரே மகள் வஞ்சி. கால்வாய் போகிற வழியிலேயே, கீழே தள்ளியிருந்த நாணற்குடியில் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தான். மருமகன் ஆதன் நல்ல உழவன். குறையில்லாத குடும்பம்.

கரும்பனூர் மக்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உடைந்த சட்டியா, கால்வாயில் போடு. உண்ட இலையா, கால்வாயில் போடு. கிழிந்த பாயா, கால்வாயில் போடு. அப்பன் போட்டான், மகனும் போட்டான்.

ஒரு நாள் சேந்தன் செக்குமாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போனான். மாடு குனிந்து முகர்ந்து பார்த்தது. குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாகத்தில் அதன் நாக்கு வெளியே தொங்கியது. அப்படியும் குடிக்கவில்லை.

சேந்தனுக்குச் சாட்டையால் அடித்தது போல இருந்தது. "வாயில்லாச் சீவன் வேண்டாம் என்கிற தண்ணீரையா நாம் குடிக்கிறோம்!" என்று வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கினான்.

முதலில் அவன் ஒருவன்தான். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு குயவன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் பூ விற்கிற பெண்கள் இருவர் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். கூலி கிடையாது, கட்டாயம் கிடையாது, அரசன் ஆணையும் கிடையாது. அப்படியும் வெள்ளிக்கிழமைதோறும் ஆள் கூடியது. நீண்ட மூங்கில் கழிகளால் குப்பையைக் கிளறினார்கள். கிளறியதை ஓட்டத்தோடு தள்ளினார்கள். தள்ளித் தள்ளி ஊர் எல்லைக்கல்லைத் தாண்டவைத்தார்கள்.

"கல்லைத் தாண்டியதா? அப்படியானால் வேலை முடிந்தது. மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்" என்பான் சேந்தன். எல்லாரும் கரையேறிக் கூழ் குடிப்பார்கள்.

கரும்பனூர்க் கால்வாய் தெளிந்தது. அடியில் கிடந்த மணல் தெரிந்தது. மாடு வயிறு முட்டக் குடித்தது. அன்று சேந்தன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டான். அந்த அழுகையில் பொய் இல்லை, பிள்ளைகளே. அவன் நல்லவன். அதை மறந்துவிட்டுக் கேட்டால் இந்தக் கதை விளங்காது.

இப்படி இருக்கையில் நாணற்குடியிலிருந்து ஒரு மீனவன் வந்தான். வலையில் சிக்கிய கிழிந்த பாயைத் தோளில் போட்டிருந்தான். "ஐயா, நீங்கள் தள்ளுவதெல்லாம் எங்கள் மதகில் வந்து அடைகிறது. வலை வீசினால் இதுதான் வருகிறது" என்றான்.

"கொஞ்சம் பொறு, தம்பி. தண்ணீர் பார்த்துக்கொள்ளும்" என்றான் சேந்தன்.

பிறகு நாணற்குடிப் பெண்கள் சிலர் வெறுங்குடத்தோடு வந்தார்கள். "அண்ணே, முகந்தால் நாற்றம். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி" என்றார்கள். சேந்தன் அவர்கள் குடங்களைத் தன் கையாலேயே நிறைத்துக் கொடுத்தான். "மழைக்காலம் வரட்டும், தாயே. தண்ணீர் பார்த்துக்கொள்ளும்" என்றான்.

அந்த ஆண்டு அரசன் அந்த வழியாக வந்தான். கால்வாயைப் பார்த்தான். குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். "என் நாட்டில் இப்படியொரு நீரா! இதைக் காத்தவன் யார்?" என்று கேட்டான். ஊரார் சேந்தனை முன்னே தள்ளினார்கள். அரசன் அவனுக்கு 'நீர்காத்தான்' என்று பட்டம் சூட்டினான். சேந்தனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அரசன் போன பிறகு பந்தலைப் பிரித்தார்கள். வழிநெடுகக் கட்டிய வாழைமரங்கள், தென்னங்கீற்று, மாவிலைத் தோரணம், வைக்கோல் புரி எல்லாம் மலைபோல் குவிந்தன. "இதை என்ன செய்வது?" என்று கேட்டார்கள். "கால்வாயில் விடுங்கள்" என்றான் நீர்காத்தான். ஆடிப்பாடிக்கொண்டே தள்ளினார்கள். எல்லாம் எல்லைக்கல்லைத் தாண்டிப் போயின.

அடுத்த வாரம் வஞ்சியே வந்தாள். அவள் மெலிந்திருந்தாள். கைகளில் சொறி. சேந்தன் மகளுக்குச் சோறு பிசைந்து வைத்தான். அவள் ஒரு வாய்கூட உண்ணாமல் பேசினாள்.

"அப்பா, எங்கள் மதகு பாதி அடைத்துவிட்டது. மழைக்கு முன்னால் உங்கள் ஆட்களோடு வந்து எடுத்துக்கொடுங்கள். எங்கள் ஊர் சின்ன ஊர், கை போதவில்லை."

"இப்போதுதான் ஊரே களைத்துக் கிடக்கிறது, அம்மா. மழை வந்தால் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதுவரை நீ இங்கேயே இரேன். இங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது."

"நான் இருந்துவிடலாம், அப்பா. ஒரு ஊரையே கூட்டிக்கொண்டு வந்து பிறந்த வீட்டில் இருத்த முடியுமா?"

சேந்தன் சிரித்தான். "தண்ணீர் பார்த்துக்கொள்ளும்" என்றான்.

வஞ்சி சோற்றை உண்டு, கையைக் கழுவிவிட்டு, வந்த வழியே போனாள். கரைமேல் அவள் போவதைச் சேந்தன் கண்ணுக்கு எட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. வானம் வெளுக்கவே இல்லை. ஒரு காலையில் அந்த மீனவன் மறுபடியும் வந்து செக்கடியில் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "ஐயா, வஞ்சி…" என்றான்.

சேந்தன் ஓடினான். சேற்றில் விழுந்தான், எழுந்தான், ஓடினான். நாணற்குடியில் வீடுகள் நின்றன. கரை நின்றது. பயிர் நின்றது. ஆதன் வீட்டு வாசலில் மட்டும் ஊர் முழுவதும் உட்கார்ந்திருந்தது.

ஆதன்தான் சொன்னான். அவன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "மதகு முழுக்க அடைத்துக்கொண்டது. கரை உடைந்தால் ஊர் மிஞ்சாது. ஆண்கள் கரைக்கு மண் போட்டோம். பெண்கள் மதகுக்குள் இறங்கிக் குப்பையைப் பிடுங்கினார்கள். இவள்தான் எல்லாருக்கும் முன்னால் நின்றாள். நடுவில் சிக்கியிருந்த ஒரு தண்டு விடுபட்டது. தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. இவளையும் கொண்டுபோனது. பிறகு கீழே நாணல் புதரில்தான் கிடைத்தாள்."

மகளை எரித்துவிட்டுச் சேந்தன் மதகுக்குப் போனான். பெண்கள் பிடுங்கிப் போட்ட குப்பை கரையில் குவிந்து கிடந்தது. கிளறிப் பார்த்தான். அழுகிய மாவிலைத் தோரணம். வைக்கோல் புரி. அரசன் வந்தபோது மஞ்சள் பூசிக் கட்டிய வாழைத்தண்டுகள். மஞ்சள் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆதன் பின்னால் வந்து நின்றான்.

"மாப்பிள்ளை, இது… நான் தள்ளிவிட்டது."

"தெரியும், மாமா" என்றான் ஆதன்.

அவ்வளவுதான். திட்டவில்லை, அடிக்கவில்லை, அழவில்லை. அந்த இரண்டு சொல்லைச் சேந்தன் சாகும்வரை சுமந்தான்.

மறுநாள் அவன் மேல்துண்டைச் சும்மாடாகச் சுற்றினான். அந்தக் குப்பையை ஒரு கூடையில் அள்ளித் தலையில் வைத்தான். கரைவழியே நடந்து கரும்பனூர்ச் சந்தைவெளியில் கொண்டுபோய்க் கொட்டினான். ஊர் கூடியது. நடந்ததைச் சொன்னான். எதையும் குறைக்காமல் சொன்னான்.

குயவன் அவன் தோளைத் தொட்டான். "இது விதி, அண்ணே. நீ என்ன செய்வாய்?"

"விதி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், தம்பி. நாணற்குடிக்கு அது கரும்பனூரிலிருந்துதான் வந்தது."

அதன் பிறகு யாரும் கழியால் தள்ளவில்லை. மேட்டில் குழி வெட்டினார்கள். கால்வாயில் கிடந்ததைக் கூடையில் அள்ளிக் குழியில் சேர்த்தார்கள். சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. கால்வாயில் எதையும் போடாமல் இருக்கப் பழகியவர்களும் உண்டு, பழகாதவர்களும் உண்டு. பட்டம் சொல்லி அழைத்தால் சேந்தன் திரும்பிப் பார்ப்பதில்லை. தன் ஊர் வேலை முடிந்ததும் அவன் கரையேறமாட்டான். கால்வாயோடு கூடவே நடந்து நாணற்குடி மதகுவரை போவான். இடுப்பளவு நீரில் நின்று, சிக்கிய சருகைக்கூட விடாமல் எடுப்பான். கொஞ்ச நாள் கழித்து, ஆதனும் இறங்கி அவன் கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தான்.

அடுத்த கோடையில் நாணற்குடியிலும் தண்ணீர் தெளிந்தது. பிள்ளைகள் உடம்பில் சொறி ஆறியது. ஊர்ப்பெண்கள் ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை முகந்து சேந்தனிடம் நீட்டினார்கள். "குடியுங்கள், அண்ணே. இப்போது இனிக்கிறது."

சேந்தன் இரு கையாலும் வாங்கினான். வாயருகே கொண்டுபோனான். செம்பைத் தாழ்த்தி மதகைப் பார்த்தான். அவர்கள் மனம் நோகக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு மிடறு விழுங்கினான். உண்மைதான், இனித்தது.

ஆகையால் கேட்டவர்களே, நம் எல்லையைத் தாண்டிப் போன அழுக்கு அழிந்துபோன அழுக்கு அன்று, அது இன்னொருவர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்த அழுக்கு என்று அறிந்து நடப்பதே தூய்மை.