மஞ்சள் தொப்பிக்காரனின் மூன்று உயிர்

ஆட்டுக்கல்மேட்டில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அத்தனை பேரும் ஒரே கடையில் உட்கார்ந்திருந்ததுதான் ஊருக்குக் கொஞ்சம் நெருக்கடி. அது நல்லபெருமாளின் மைக்செட் கடை. முதலாளி நல்லபெருமாள். மரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டத் தங்கப்பழம். கட்டியது சரியா என்று கீழே நின்று யோசிக்க அய்யாக்கண்ணு.

நல்லபெருமாளுக்கு நாற்பத்தாறு வயது. சொத்து என்று சொல்லிக்கொள்ள ஒரு மீசை. இரண்டு நுனியும் காதுக்கு ரகசியம் சொல்லப் போவதுபோல ஏறி நிற்கும். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டு வயதில், மச்சான் குபேந்திரன் வீட்டில் டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் வாங்கினார்கள். "நீ பாரு மாப்ளே, அடுத்து உன் முறைதான்" என்றான் குபேந்திரன். நல்லபெருமாள் பார்த்தான். முப்பத்துநாலு வருஷம் ஓடிவிட்டது. அந்த 'அடுத்து' மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

போன தை மாசம் ஒரு கல்யாணப் பந்தியில், குபேந்திரன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "நம்ம மாப்ளைக்கு அந்த மஞ்சத் தொப்பிக்காரன் ஆட்டம்கூடத் தெரியாது. பாவம்."

நல்லபெருமாள் மீசையில் பாயசத்தோடு எழுந்து நின்றான். "இன்னும் நாப்பது நாள்ல மொத லெவலைத் தாண்டுறேன். இல்லேன்னா ஒரு பக்க மீசையை எடுத்துக்கிறேன்!"

"எடுத்ததை என் கையில குடுக்கணும். கண்ணாடி போட்டு மாட்டுவேன்" என்றான் குபேந்திரன்.

மறுநாளே அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை பஸ் பார்சலில் அனுப்பிவிட்டான். கூடவே ஒரு சீட்டு: 'கேசட்டை ஊதிப் போடு. மூணு உயிர் உண்டு. குழி வந்தா தாண்டு. ஆட்டம் முடியும்வரை ஆஃப் பண்ணாதே.'

நல்லபெருமாள் வீட்டுக் கூடத்தில் மூன்று பேரும் கூடினார்கள். சீட்டின் முதல் வரியிலேயே சபை நின்றுவிட்டது.

"ஊதிப் போடுன்னு எழுதியிருக்கு. யார் ஊதுறது?" என்றான் தங்கப்பழம்.

"ஊதுறதுக்குன்னு ஆள் இருக்கும்போது நாம ஏன் எச்சில் பண்ணணும்?" என்றான் அய்யாக்கண்ணு.

கோயில் நாயனக்காரர் வந்தார். கேசட்டைத் தாம்பாளத்தில் வைத்து, அதன் முன்னால் அரை மணி நேரம் தோடி ஊதினார். பிறகு கேசட்டைச் சொருகினார்கள். படம் வந்தது. தூசியைத் தட்டியிருந்தாலும் வந்திருக்கும் என்று நாயனக்காரரிடம் யார் சொல்வது?

டிவியில் மஞ்சள் தொப்பிக்காரன் நின்றான். மூலையில் 3 என்று எழுதியிருந்தது. நல்லபெருமாளின் கை ஆட்டப் பெட்டியின் ரிமோட்டுக்குப் போவதற்குள், தங்கப்பழம் எடுத்துக்கொண்டான். "நீ பாரு அண்ணே. அடுத்து உன் முறைதான்."

நாலே விநாடி. தொப்பிக்காரன் நடந்தான், குழிக்குள் விழுந்தான். தொப்பி தனியாக, ஆள் தனியாக.

"ஏண்டா தாண்டலை?"

"குழி வந்தா தாண்டுன்னுதானே போட்டிருக்கு? குழி எங்கேண்ணே வந்துச்சு? அது இருந்த இடத்துலதான் இருந்துச்சு. நாமதான் போனோம்."

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சோக மெட்டு வந்தது. மூலையில் இருந்த 3 அழிந்து 2 ஆனது.

அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். "வீட்ல ஒரு உயிர் குறைஞ்சிருக்கு. தீட்டு எத்தனை நாள்?"

"பங்காளின்னா பதினாறு. சம்பந்தின்னா மூணு" என்றான் நல்லபெருமாள். "இவன் மச்சான் வீட்லேருந்து வந்தவன். மூணு போதும்."

"வந்தது அங்கேருந்துதான். ஆனா நம்ம வீட்டுக் கரண்டைத்தானே சாப்பிட்டான்? பங்காளிதான்."

பதினாறு என்று தீர்ந்தது. யார் கையால் போனானோ அவன்தான் காரியம் செய்ய வேண்டும் என்றும் தீர்ந்தது. சலூன்காரர் வந்து தங்கப்பழத்துக்கு முடியும் மீசையும் சேர்த்து எடுத்துவிட்டுப் போனார். ஆஃப் பண்ணக் கூடாதல்லவா? பதினாறு நாளும் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. நல்லபெருமாள் மனைவி வடிவுக்கு சீரியல் போயிற்று.

"உங்க சித்தப்பா செத்தப்ப மீசை போயிடும்னு திருப்பூருக்கு ஓடின ஆளு நீங்க" என்றாள் வடிவு. "தொப்பி போட்டவனுக்குக் கருமாதி பண்றீங்களாக்கும்!"

பதினேழாம் நாள் அய்யாக்கண்ணு ரிமோட்டைப் பிடித்தான். அவன் யோசிக்கிறவன். "குழிகிட்டப் போனாலும் குழி வந்த மாதிரிதான்" என்று கண்டுபிடித்து வைத்திருந்தான். குழி நெருங்கியது. அய்யாக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரே தாண்டு தாண்டினான். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அம்மிக்கல் பக்கத்தில் போய் விழுந்தான். தொப்பிக்காரன் மட்டும் தாண்டவில்லை.

"நான் தாண்டிட்டேனே! அவன் ஏன் வரலை?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

2 போய் 1 ஆனது. மறுபடி பதினாறு நாள். மறுபடி சலூன்காரர்.

முப்பத்துமூன்றாம் நாள் நல்லபெருமாள் கையில் ரிமோட் வந்தது. முப்பத்துநாலு வருஷ முறை. அவன் கை மீசைக்குப் போனது.

"ஆடாம விட்டா பந்தயம் போகும், பாதி மீசை போகும்" என்று கணக்குப் போட்டான் அய்யாக்கண்ணு. "ஆடிச் செத்தா முழு மீசையும் போகும். ஆடாதீங்கண்ணே. பாதி லாபம்."

"பாதி மீசையோட கடையில உக்கார முடியுமா?" என்றான் தங்கப்பழம்.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காரட்டும்."

ஏழு நாள் இந்த விவாதம் நடந்தது. நாற்பதாம் நாள் பகல் பத்து மணிக்கு வடிவு சாப்பாட்டுத் தட்டைப் பொத்தென்று வைத்தாள். "எங்க அண்ணன் சாயங்காலம் வருது. அந்த மனுஷனைக் கொல்றதுன்னா சீக்கிரம் கொல்லுங்க. எனக்கு டிவி வேணும்."

நல்லபெருமாள் உட்கார்ந்தான். தொப்பிக்காரன் நடந்தான். குழி. பயத்தில் கட்டைவிரல் எதன் மேலோ அமுங்கியது. தொப்பிக்காரன் எம்பினான், மிதந்தான், அந்தக் கரையில் இறங்கினான்!

நல்லபெருமாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தாண்டிட்டான்டா! என் கையால தாண்டிட்டான்டா!" என்று ரிமோட்டை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். தொப்பிக்காரனை நோக்கி ஒரு முள்ளுப் பந்து உருண்டு வந்தது. கும்பிட்டுக்கொண்டிருக்கிறவன் எதைப் பார்ப்பான்?

நாற்பது நாளில் மூன்று பேரும் ஆடியது மொத்தம் பதினேழு விநாடி. சலூன்காரர் மூன்றாம் முறையாக வந்து நல்லபெருமாள் முகத்தில் நுரை தடவினார்.

சாயங்காலம் குபேந்திரன், தன் மீசையை நன்றாகச் சீவி முறுக்கிக்கொண்டு, கையில் கண்ணாடிச் சட்டத்தோடு வந்தான். வாசலில் மூன்று மொட்டைகள் வரிசையாக நின்றன.

"யாருடா செத்தது?"

"மூணு பேர், மச்சான்."

விஷயத்தைக் கேட்டு அரை மணி நேரம் சிரித்தான். பிறகு சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. "எல்லாம் சரி, என் பாதி எங்கே?"

"அது துக்கத்துல போயிடுச்சு மச்சான். முளைச்சதும் பந்தயத்துக்குத் தனியா எடுத்துத் தர்றேன்."

"அடப் பாவிகளா, தள்ளுங்க!" குபேந்திரன் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். தொப்பிக்காரன் பளிச்சென்று வந்து நின்றான். மூலையில் 3.

அய்யாக்கண்ணு அலறினான். "மூணு பேரும் எழுந்து வந்துட்டாங்கடா!" தங்கப்பழம் தலையைத் தடவிப் பார்த்தான். போன முடி எழுந்து வரவில்லை.

"இப்படி ஆடணும் மாப்ளே." குபேந்திரன் ஒரு குழி தாண்டினான். இரண்டு குழி தாண்டினான். முள்ளுப் பந்தையும் தாண்டினான். "பாத்தியா?" என்று பெருமையாகத் திரும்பி நல்லபெருமாள் முகத்தைப் பார்த்தான்.

பின்னால் சோக மெட்டு கேட்டது.

அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டினான். தங்கப்பழம் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். வடிவு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். காலையிலிருந்து அங்கேயே தங்கிவிட்ட சலூன்காரர் மறுபடி சவரப் பெட்டியைத் திறந்தார்.

"டேய், விடுங்கடா! இன்னும் ரெண்டு உயிர் இருக்குடா!" என்று திமிறினான் குபேந்திரன்.

நல்லபெருமாள் அவன் தோளை அன்பாக அமுக்கி உட்காரவைத்தான். "இருக்கட்டும் மச்சான், அவசரமில்லை. பதினாறு நாள் டைம் இருக்கு. அடுத்தவன் சாகறதுக்குள்ள உங்களுக்குக் கொஞ்சம் முளைச்சிடும்."