முட்டுச்சுவருக்கு ஒரு இங்கிலீஷ் பெயர்

விண்ணப்பத்தில் ஒரு சொல் தப்பு. அதனால் மடத்தின் முட்டுச்சுவரை இடிக்க ஆள் வந்துவிட்டது.

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு நிற்கும். அதற்கு முட்டுக் கொடுத்து, வெளியே கல்லும் சுண்ணாம்புமாக ஒரு கட்டு. எருமை சாய்ந்து நிற்கிற மாதிரி இருக்கும். பார்க்க அசிங்கம். உள்ளே தினம் அறுபது பேர் பயமில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்றால் அது அங்கே நிற்பதால்தான்.

விண்ணப்பம் எழுதியவர் நல்லபெருமாள். கல்லூரியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் நடத்தி, ஓய்வு பெற்று, அறுபத்திரண்டு வயதில் மடத்துக்குச் சீடனாக வந்தவர். குரு செண்பக அம்மைக்கு நாற்பத்தைந்துதான். அம்மை அவரை "வாத்தியாரே" என்றுதான் கூப்பிடுவார். குரு வாயால் வாத்தியார் என்று கேட்பதில் நல்லபெருமாளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துத் தரும் திட்டம் ஒன்று வந்தது. கட்டடத்தை அங்கம் அங்கமாக இங்கிலீஷில் விவரிக்க வேண்டும். நல்லபெருமாள் கட்டடக்கலை அகராதி ஒன்று வாங்கி வந்து இரண்டு மாதம் அதோடுதான் கிடந்தார். வாசல் மண்டபம் போர்ட்டிகோ ஆனது. கூரைக்குக் கீழே ஓடும் பிதுக்கம் கார்னிஸ் ஆனது. புறா அடையும் மேல் ஜன்னல் வரிசைக்குக்கூட கிளியர்ஸ்டோரி என்று ஒரு பெயர் கிடைத்தது.

முட்டுச்சுவரிடம் வந்ததும் பேனா நின்றது. அகராதியில் அதற்குச் சொல் இருந்தது. பட்ரஸ். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருந்தது. இன்னும் புரட்டினார். பிலாஸ்டர். நாக்கில் வழுக்கியது. அதையே எழுதினார்.

அர்த்தம் தெரியாமல் இல்லை. சுவரோடு ஒட்டி, அழகுக்கு நிற்கும் தூண். எதையும் தாங்காது. படித்துவிட்டுத்தான் எழுதினார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

பார்த்தார்கள்.

உதவிப் பொறியாளர் திரவியம் ஒரு கொத்தனாரையும் மூன்று சித்தாள்களையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வரைபடத்தில் முட்டுச்சுவர் மேல் சிவப்புக் கோடு. அலங்காரத் தூண், நடைபாதைக்கு இடைஞ்சல், அகற்றுக.

நல்லபெருமாள் ஓடிப்போய், அதைத் தொட்டால் சுவரே வந்துவிடும் என்றார். திரவியம் கோப்பை விரித்து, பிலாஸ்டர் என்று எல்லாருக்கும் கேட்க வாசித்துக் காட்டினார். எழுதினது நீங்கதானே சார், தப்புன்னா தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நான் திரும்பிப் போறேன் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நல்லபெருமாளுக்குக் கை வரவில்லை. அந்த விண்ணப்பத்தை மடமே கூடி உட்கார்ந்து கேட்டு அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தது. பழைய மாணவர்கள் இருபது பேர் வந்து கைதட்டியிருந்தார்கள். இங்கிலீஷில் தப்பு என்று தன் கையாலேயே எழுதுவதா? அம்மையைத் தேடிப் போனார்.

அம்மை அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வந்து தடுக்கணும் அம்மை."

"என்னன்னு எழுதினீரு?"

"பிலாஸ்டர்."

"அப்படின்னா?"

சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

அம்மை எழுந்து வந்தார். புளிக் கையோடு வாத்தியார் நெஞ்சில் ஓங்கி ஒரு தள்ளு. நல்லபெருமாள் தடுமாறி, வலது காலைப் பின்னால் ஊன்றி நின்றுகொண்டார். சட்டையெல்லாம் புளி.

"அந்தக் காலைப் பின்னால வச்சீரே வாத்தியாரே, அழகுக்கா வச்சீரு?"

நல்லபெருமாள் குனிந்து ஊன்றிய காலைப் பார்த்தார்.

"போம். அங்க போய் நில்லும்."

போய் நின்றார். அப்போதும் கை வரவில்லை. திரவியம் கடிகாரத்தைப் பார்த்தார். ஆரம்பிக்கச் சொன்னார்.

பேச்சித்தாய் என்ற சித்தாள் கையில்தான் கடப்பாரை இருந்தது. அதைக் கீழே போட்டாள். கொத்துக்கரண்டியை எடுத்து, முட்டுச்சுவர் மேலிருந்த சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, என்ன செய்றே?" என்றார் திரவியம்.

"பிளாஸ்டர் எடுக்கேன் சார்."

"பிளாஸ்டர் இல்ல. பிலாஸ்டர். தூணு."

"நீங்க வாசிக்கையில பிளாஸ்டர்னுதான் கேட்டுச்சு. அதைத்தான் எடுப்பேன்."

கொத்தனார் அதட்டினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடப்பாரை அங்கதான் கெடக்கு அண்ணாச்சி. நீங்க போடுங்க. சுவரு உங்க மேலயே வரட்டும்" என்றாள். கொத்தனார் குனியவில்லை.

பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே ஆள் நீளக் கற்கள். ஒவ்வொன்றும் மேற்குச் சுவருக்குள் புகுந்து, கோத்த விரல் மாதிரி இறுகியிருந்தது. திரவியம் கிட்டே போய் ஒரு கல்லின் மேல் கை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் நல்லபெருமாளுக்குக் கை வந்தது. கோப்பைக் கேட்டு வாங்கினார். பிலாஸ்டரை அடித்தார். பட்ரஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கீழே, தெரிந்தே தப்பாக எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

'தெரிந்தே' என்பதை மட்டும் எடுத்துவிடலாமே என்றார் திரவியம்.

"இருக்கட்டும்" என்றார் நல்லபெருமாள்.

பேச்சித்தாய் கை கழுவிக்கொண்டிருந்தாள். உனக்கு நிஜமாகவே அப்படித்தான் கேட்டதா என்று அவளிடம் கேட்டார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் சாமி" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பழுதுவேலை முடிந்தது. முட்டுச்சுவருக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்க வேண்டும், இன்னாரால் காக்கப்பட்டது என்று. அதுவும் இங்கிலீஷில். நல்லபெருமாள் தாளும் பேனாவுமாக அடுப்படிக்கு வந்தார். திட்டத்தின் பெயரைப் போடுவதா, பொறியாளர் பெயரைப் போடுவதா என்று அம்மையிடம் கேட்டார். கொஞ்சம் இழுத்து, தப்பை எழுத்தில் திருத்தியது நான்தான் என்றும் சொல்லி வைத்தார்.

"நீரு தாளைத் திருத்தினீரு."

நல்லபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ யார் பேரைப் போட, அம்மை?"

அம்மை புளியைப் பிழிந்து சக்கையை ஓரமாக வைத்தார்.

"இங்கிலீஷ் வேண்டாம். தமிழ்ல எழுதும். பேச்சித்தாய்."