தொட்டியடியில் குவிந்த சிவப்புப் புள்ளிகள்

ஒரு மோட்டார், மூன்று வார்டு. விஷயம் இவ்வளவுதான். நடுவில் ஒரு வாக்கு வந்து மாட்டிக்கொண்டது. பாதியில் விடை சொல்ல வாயெடுக்கிற ஆள் இப்போதே எழுந்து போகலாம்.

பூவனேரி நகராட்சிக்குக் கணினி வரைபடம் வந்த வருஷம் அது. அப்போது அங்கே பொறியாளராக இருந்த மங்கையர்க்கரசி எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டாள். இன்றைக்கும் தூறல் விழுந்தால் அவளுக்கு வரைபடம் வைத்திருந்த அந்த மாடி அறைதான் நினைவுக்கு வரும். என்ன கூட்டம் அங்கே! திரை முழுக்க வானத்திலிருந்து எடுத்த ஊர். வரி கட்ட வந்தவன்கூட மாடியேறித் தன் வீட்டுக் கூரையைத் தேடுவான். காவலாளி அந்தோணியின் வாசலில் நின்ற வேப்பமரத்தைச் சாலைக்காக வெட்டியாயிற்று. படத்தில் மட்டும் அது நின்றது. தினமும் ஒருதரம் வந்து அதைத் தொட்டுப் பார்ப்பான். திரையில் விரல்தடம் படியும். அவள் துடைக்கமாட்டாள்.

அதற்கு முன்பெல்லாம் மழை வந்தால், யார் சத்தம் பெரிதோ அவர் தெருவுக்குத்தான் நீர் இறைக்கும் மோட்டார் போகும். அதை ஒழிக்க அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். போனில் ஒரு செயலி. தண்ணீர் தேங்கினால் பொத்தானை அமுக்க வேண்டும். போன் இருக்கிற இடத்தில், வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். கதவு எண் கேட்காது. ஒரே வீட்டுக்குப் பழைய எண், புது எண், அதற்கும் புது எண் என்று கிடந்த ஊர் அது. எண்ணே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்துவிட்டாள். பிறகு மன்றக் கூட்டத்தில் எழுந்து வாக்குக் கொடுத்தாள்: "எந்த வார்டு ஜனங்கள் அதிகம் அமுக்குகிறார்களோ, மோட்டார் அங்கேதான். யார் வந்து நின்றாலும் மாறாது."

ஐப்பசி பிறந்தது. அடைமழை. மூன்று கவுன்சிலர்கள் மாடியேறி வந்தார்கள்.

மேட்டுத் தெரு இராசப்பா முதலில் நாற்காலியைப் பிடித்தார். வேட்டி விளிம்பில் ஈரம் இல்லை. "நான் வாயே திறக்கல மேடம். புள்ளி பேசட்டும்."

புள்ளி பேசத்தான் செய்தது. மேட்டுத் தெரு வார்டின் ஓரத்தில், நகராட்சித் தண்ணீர்த் தொட்டியடியில், கடுகைக் கொட்டினாற்போல ஒரே குவியல். கடைவீதியில் கடைக்கொன்றாகச் சிதறிக் கிடந்தது. தொட்டிக்குப் பின்னால் இறங்குகிற சந்து வழியே போனால் குட்டைக்கரை. அங்கே ஒன்றுகூட இல்லை.

கடைவீதி சிக்கந்தர் கணுக்கால்வரை நனைந்திருந்தார். "எங்க புள்ளி கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா மூட்டையில அரிசியெல்லாம் சோறாகிட்டு இருக்கும்மா!"

குட்டைக்கரை பாக்கியத்துக்கு முழங்கால்வரை சேலை ஒட்டிக்கிடந்தது. "அடுப்பு மிதக்குதும்மா. பிள்ளைங்களைக் கட்டில்மேல ஏத்தி வச்சிருக்கோம்."

"அப்ப அமுக்க வேண்டியதுதானே, தங்கச்சி?" என்றார் இராசப்பா.

"அமுக்காம என்னண்ணே! பொம்பளைங்க அத்தனை பேரும் போய் அமுக்கிட்டுத்தான் வந்தாங்க."

"புள்ளி எங்கே? தண்ணியில கரைஞ்சு போச்சா?"

சிக்கந்தர் அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். பாக்கியம் பதில் சொல்வதற்குள் அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பேசி வைத்தாள், மறுபடி அடித்தது. "சனியன், வீட்டுல செத்துக் கிடக்கும். மேட்டுக்கு வந்தாத்தான் இதுக்கு உசுரு வருது" என்று அதை அணைத்துவிட்டு, "முடிவு சொல்லுங்கம்மா" என்றாள்.

கீழே மோட்டார் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். இருப்பது ஒன்றே ஒன்று. ஒரு வார்டை வடித்து முடித்தால்தான் அடுத்தது.

இரக்கப்பட்டுக் குட்டைக்கரை என்றால், அடுத்த மழைக்கு ஆளாளுக்கு அழுதுகொண்டு வந்து நிற்பார்கள். பழைய சத்தம் திரும்பிவிடும். குவியலை நம்பி மேட்டுத் தெரு என்றால், கட்டில்மேல் பிள்ளைகள். மங்கையர்க்கரசி திரையையே பார்த்தாள். அப்புறம் மூன்று பேரின் கால்களையும் பார்த்தாள்.

இப்போது சொல்லுங்கள். மோட்டார் எங்கே போனால் தண்ணீரும் வடியும், அவள் வாக்கும் நிற்கும்?

விடை: குட்டைக்கரைக்கு. வாக்கில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குட்டைக்கரைப் பள்ளத்தில் போன் எடுக்காது. அந்த ஜனங்கள் சந்து ஏறித் தொட்டியடிக்குப் போய் அமுக்கினார்கள். போன் நின்ற இடத்தில் புள்ளி விழுந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் தத்தம் வாசலில் நின்று அமுக்கியிருந்தால் கடைவீதிபோலச் சிதறியிருக்கும், இப்படிக் குவியாது. மேட்டில் தண்ணீர் நிற்கவில்லை என்பதற்கு இராசப்பாவின் வேட்டியே சாட்சி. அதிகம் அமுக்கிய ஜனங்கள் குட்டைக்கரைக்காரர்கள்தான். இராசப்பா கொஞ்சம் முணுமுணுத்தார். பிறகு வழிகாட்ட அவரே வண்டியில் ஏறினார். அடுத்த மாதம் செயலியில் ஒரு வரி சேர்ந்தது: தண்ணீர் நிற்கிற இடத்தை வரைபடத்தில் தொட்டுக் காட்டவும். பழகிக்கொள்ள முதலில் மாடியேறி வந்தவள் பாக்கியம். வெகுநேரம் தேடி, தன் ஓட்டுக்கூரைமேல் விரலை வைத்து அழுத்தினாள். அந்தத் தடத்தையும் மங்கையர்க்கரசி துடைக்கவில்லை.