மைனாவை நிறுத்திய நரி

காட்டில் சரக்கு அனுப்பும் தொழிலை ஒரு நரி நடத்தி வந்தது. மூட்டை சுமக்க ஒரு கழுதை. முன்னால் பறந்து போய், ஓடையில் தண்ணீர் எவ்வளவு, யார் எந்த வளையில் என்று விசாரித்து வர ஒரு மைனா.

மைனா விசாரித்ததோடு விடாது. ஆமையின் முதுகுவலி, முயல்குட்டியின் காதுவலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் திரும்பும். நரிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"வளவளன்னு பேசவா உன்னை வெச்சிருக்கேன்? நாளையிலேர்ந்து வராதே!"

பிறகு மரங்கொத்தியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வீடு வரைக்கும் மரங்களில் குறி கொத்தச் சொன்னது. கழுதைக்கும் கண்டிப்பான உத்தரவு. "குறியைப் பார், நட, இறக்கு, திரும்பு. யாரிடமும் வாயைத் திறக்காதே!"

அடைமழை பிடித்தது. குட்டிகள் இரண்டு நாளாகப் பட்டினி, உடனே கிழங்கு வேண்டும் என்று முயலம்மா சொல்லி அனுப்பியது.

கழுதை குறி பார்த்துப் போனது. குறி முடிந்த இடத்தில் வளை இல்லை, வெள்ளம்தான் இருந்தது. கரையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. கழுதை தவளையைப் பார்த்தது. தவளை கழுதையைப் பார்த்தது. கழுதை மூட்டையைத் தண்ணீரில் இறக்கிவிட்டுத் திரும்பியது.

"அட கடவுளே! முயல் எங்கேன்னு அந்தத் தவளையைக் கேட்டிருக்கக் கூடாதா?" என்று நரி கத்தியது.

"வாயைத் திறக்காதேன்னு சொன்னது யாரு, முதலாளி?"

நரி தலையில் அடித்துக்கொண்டது. இன்னொரு மூட்டையைத் தானே இழுத்துக்கொண்டு ஓடி, தவளையைக் கேட்டு, பாறை மேட்டில் புது வளையைக் கண்டுபிடித்தது.

"முயலம்மா! சரக்கு வந்திருக்கு, வெளியே வாங்க!"

"நரி வாசல்ல நின்னா நாங்கதான் சரக்கு. போயிடு!"

"சத்தியமா கிழங்குதான்! வெச்சிட்டுப் போறேன்."

"போற மாதிரிப் போய்ப் புதர்ல ஒளிஞ்சுக்குவே. உன் புத்தி எங்களுக்குத் தெரியாதா?"

உள்ளே குட்டிகள் பசியில் முனகின. நரி வேறு வழியில்லாமல் மைனாவிடம் ஓடியது. "தாயே, வந்து தொலை!"

மைனா வளை வாசலில் வந்து உட்கார்ந்தது. "அக்கா, நான்தான். கடைக்குட்டிக்குக் காதுவலி தேவலையா?"

முயலம்மாவின் மூக்கு வெளியே எட்டிப் பார்த்தது. "நீயா! அவனை நூறு அடி தள்ளி நிக்கச் சொல்லு."

முதலாளி நூறு அடி தள்ளி மழையில் நனைந்துகொண்டு நின்றது. குட்டிகள் கிழங்கைக் கடிக்கும் சத்தம் அங்கே வரை கேட்டது.

சரக்கைச் சுமக்க முதுகு போதும். அதை உரியவரிடம் சேர்க்க, கேட்டறியும் வாயும் அடுத்தவர் நம்பும் குரலும் வேண்டும்.