ஊருக்கு முன்னால் போய்விட்ட பஸ் ஸ்டாண்டு

வாயாலேயே பந்தல் போட்டு வாழைமரமும் கட்டிவிடுகிறவர் என்று தூவலூரில் சங்கிலிமுத்துவுக்குப் பெயர். அன்றைக்கு அந்த வாயை நம்பித்தான் அவருடைய அக்கா மகன் கதிரவனின் கல்யாணமே இருந்தது. ஏற்கெனவே மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பமும் பையனைக் குறை சொல்லவில்லை. ஊரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்கள்.

மூன்றாவதாகப் பெண்ணின் அப்பா அழகிரியும் அத்தை மூக்கம்மாவும் உச்சிவெயிலில் வந்து சேர்ந்தார்கள். பஸ் அவர்களைப் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டிருந்தது. அங்கிருந்து ஊருக்குக் கருவேலங்காட்டு வழியாக நாலு மைல் நடை. அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி மூக்கம்மா கேட்டாள்: "பஸ் ஸ்டாண்ட ஏன் காட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கீங்க?"

சங்கிலிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். வாயையும் திறந்தார்.

"அது காடு இல்லம்மா, ஊருக்கு நடுமத்தி. ஊர் வளந்து அங்க வந்துரும்ல. வந்தப்புறமா பஸ் ஸ்டாண்டு கட்டுறவன் ஏமாளி" என்றார்.

ஊர் வளர்வதற்கான திட்ட வரைபடத்தை விரிக்கப் பஞ்சாயத்து ஆபீசில் இடம் பத்தாமல், காய்ந்த கண்மாய்க்குள் கொண்டுபோய் விரித்தார்களாம். அதில் மேற்கே நுழைந்த ஒரு சினையாடு, கிழக்கே வெளியே வரும்போது இரண்டு குட்டியோடு வந்ததாம். அழகிரி சிரித்துவிட்டார். சங்கிலிமுத்துவுக்குத் தெம்பு வந்தது.

மூக்கம்மா தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்து, உப்புக் கரிக்கிறது என்றாள். கரிக்காமல் என்ன செய்யும் என்றார் இவர். ஊருக்குத் துறைமுகம் வரப்போகிறது. கடலுக்குச் சொல்லிவிட்டாயிற்று. அதுவும் பூமிக்கடியில் புறப்பட்டுப் பாதி தூரம் வந்துவிட்டது. போன வாரம் கிணற்று வாளியில் ஒரு நண்டே ஏறி வந்தது. எங்கே, நண்டைக் காட்டுங்கள் என்றாள் மூக்கம்மா. அதை அதிகாரிகள் அளவெடுக்கக் கொண்டுபோய்விட்டார்களாம்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. வரப்போகும் மெட்ரோ ரயிலுக்காக இப்போதிருந்தே கரண்டைச் சேர்த்து வைக்கிறார்கள் என்றார், விசிறியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே.

"வாசல்ல கட்டில் போட்டுப் படுத்தா அடுத்த தெருவுல முழிக்கிறோம் சம்மந்தி. எங்கக்கா போட்ட கோலம் மூணு வீடு தள்ளிக் கெடக்கு. ஊரு அம்புட்டு வேகமா நகருது."

கதிரவன் தலையைக் குனிந்துகொண்டான். அழகிரியோ தலையாட்டியபடியே காபியைக் குடித்து முடித்தார். காரியம் பழம்தான் என்று முடிவுகட்டிய சங்கிலிமுத்து, தாம்பூலத் தட்டை எடுத்து வரச்சொல்லி அக்காவுக்குக் கண் காட்டினார்.

மூக்கம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பையன் தங்கமான பையன்ணே. எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்த உங்க புது பஸ் ஸ்டாண்டுலயே வச்சுக்குவோம்."

சங்கிலிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. எந்த மாசம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்.

"அதான் தெனம் ஒரு தெரு நகருதே. ஊரு அங்க வந்து சேந்ததும் சொல்லி விடுங்க" என்றாள். "பொண்ணோட வந்து எறங்கிக்கிறோம்."